‘இல்லை’ என்று எழுதிய கை

மடத்திலிருந்து அம்மா காலையில் துவைக்கக் கொண்டுவந்த பையை உதறியபோது, தம்பியின் பழுப்பு லுங்கிக்குள்ளிருந்து மாத்திரைப் பட்டைகள் விழுந்தன. அந்த இடத்தில்தான் போன வார அத்தியாயத்தில் அக்கா நிலாரை விட்டுவிட்டு வந்தோம். அவள் இன்னும் குழாயடியிலேயே குந்தியிருக்கிறாள். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

பதினைந்து நாளைக்கென்று அவளே வாங்கி, அவளே அவன் பையில் வைத்த பட்டைகள். ஒரு குழிகூட உடைபடவில்லை.

தம்பி தெட் பைங், ஸகைங் குன்றிலிருக்கும் தியான மடத்துக்குப் போய் இன்றோடு ஒன்பது நாள்.

ஒன்பது நாளாக மாத்திரை இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் நான்கே இரவுகள் போதுமாயிருந்தன. நான்கு இரவு தூங்காமல், செருப்பில்லாமல் மாண்டலே முழுக்க நடந்தான். தன்னிடம் கணக்கு ட்யூஷன் படித்த பிள்ளைகளின் வீட்டுக் கதவுகளைத் தட்டி, “எனக்கு விடுதலை கிடைச்சிடுச்சு, நீங்களும் வாங்க” என்று கூப்பிட்டான். ஐந்தாம் நாள் ஓடி வரும் ரயிலைக் கையைக் காட்டி நிறுத்தப் போனான். ஒரு மூட்டை தூக்குகிறவர் பாய்ந்து இழுத்திராவிட்டால் இந்தக் கதையே இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். பிறகு மாத்திரை. பிறகு டாக்டரம்மாவே சொல்லிக் கொடுத்த தியானம்: வயிறு எழும்புவதையும் அடங்குவதையும் கவனி, மனசில் எது வந்தாலும் அதற்கு ஒரு பேர் வைத்துவிட்டு விடு. தினம் இருபது நிமிஷம். இரண்டும் சேர்ந்து அவனை மறுபடி மனுஷனாக்கியிருந்தன. போன மாதம் எட்டுப் பிள்ளைகள் ட்யூஷனுக்குத் திரும்பி வந்திருந்தார்கள்.

நிலார் பட்டைகளைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள்.

அங்கே அம்மா டோ சான் யி, அக்கம்பக்கத்துப் பெண்களோடு உட்கார்ந்து அரிசி மாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் திருவிழாவின் இரண்டாம் நாள். உருண்டைக்கு நடுவில் வெல்லம் வைக்க வேண்டும். பத்துக்கு ஒன்றில் யாருக்கும் தெரியாமல் பச்சை மிளகாய்.

“இந்தத் தடவை மிளகாய் உன் மாமியாருக்குத்தான்டி!” என்று ஒருத்தி சொல்ல, அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“அம்மா, காலையில தம்பியைப் பார்த்தீங்களா?”

“எங்கடி பார்க்கிறது? அவன் குகைக்குள்ள இருக்கான். கதவுக்கு வெளிய நின்னு கும்பிட்டுட்டு வந்தேன்.” அம்மா சுற்றி இருந்தவர்களை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். “சொல்ல வேணாம்னுதான் இருந்தேன், வாய் நிக்கல. நேத்து விடியக்காலையில அதிட்டானம் எடுத்துட்டான். ஞானம் கிடைக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன், ரத்தம் சதையெல்லாம் வத்தினாலும் சரின்னுட்டு உட்கார்ந்துட்டான்.”

உருண்டை பிடித்த கைகளெல்லாம் நின்று, கும்பிட்டன.

“சோறு?” என்றாள் நிலார்.

“சோறா? தண்ணியே தொடலையாம்!”

பரீட்சையில் மாநிலத்திலேயே முதலாவது வந்தான் என்று சொல்கிற அம்மாவின் குரல் அது.

வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. நேற்று விடியலிலிருந்து இப்போது காலை பத்து வரை... நிலார் கணக்குப் போட்டாள். முப்பது மணி நேரம்.

அம்மாவின் முழங்கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போய்ப் பட்டைகளைக் காட்டினாள். அம்மா சட்டென்று தன் துண்டை அவற்றின்மேல் போட்டு மூடினாள்.

“மூடு, மூடு. ஊர் பார்க்குது.”

“ஒன்பது நாளா ஒண்ணுகூடப் போடலம்மா!”

“போடாமலே நல்லா இருக்கான்னா நோய் எங்கடி இருக்கு? போயிடுச்சு.”

“நல்லா இருக்கான்னு யார் சொன்னா? தூங்கறானா, கேட்டீங்களா?”

“தியானத்துல முன்னேறினா தூக்கம் தன்னால குறையும். தெருவுல போற யாரை வேணா கேளு.” அம்மாவின் கண்ணில் நீர் கோத்தது. “மூணு வருஷமா ‘பைத்தியக்காரன் அம்மா’ன்னு கேட்டுக்கிட்டிருந்தேன் நிலார். இன்னிக்குத்தான் என் காதுல வேற வார்த்தை விழுந்திருக்கு. வாசல்படி ஏறப் போறவன் காலைப் பிடிச்சு இழுக்காதே. உட்கார்ந்திருக்கிறவனை எழுப்பின பாவம் ஏழு பிறவிக்கும் கழியாது.”

நிலார் தம்பியின் சிகிச்சை விவரம் எழுதிய ஆஸ்பத்திரிப் புத்தகத்தையும் பட்டைகளையும் பாலிதீன் பையில் சுற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பைக் சாவியை எடுத்தாள்.

*

டாக்டரம்மா விடுமுறைக்குச் சொந்த ஊர் போயிருந்தார். நான்காவது முறை அடித்ததும் எடுத்தார்.

“ஒன்பது நாளா?” அவர் குரல் ஒரேயடியாக இறங்கிவிட்டது. “திடீர்னு நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும்னு சொன்னேனே. தண்ணியும் இல்லையா? இந்த வெயில்லயா? கேளு நிலார், மாத்திரையை நீயா கையில எடுத்துக் கொடுத்துடாதே. முதல்ல தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா. ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதே. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்கணும். ட்யூட்டி டாக்டர்கிட்ட நான் பேசி வைக்கிறேன்.”

“சரிங்க.”

“ஆமா, மடத்துல சேர்க்கும்போது நோயைப் பத்திச் சொல்லித்தானே சேர்த்தீங்க?”

நிலார் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். “லைன் சரியா கேக்கலைங்க டாக்டர்” என்று வைத்துவிட்டாள்.

போன வருடம் சொல்லித்தான் சேர்க்கப் பார்த்தார்கள். டாக்டர் கடிதம் இல்லாமல் இந்த நோய்க்காரரைச் சேர்க்க முடியாது என்று மடத்தில் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். இந்த வருடம் கடிதம் வாங்க நேரமில்லை.

வட்டார அலுவலகத்தில் நிலார் குமாஸ்தா. தெருவில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவள் அவள்தான். தம்பி படிவத்தை அவள் முன்னால் வைத்து, “அக்கா, ஒரே ஒரு வார்த்தை. என் வாழ்க்கையில வேற எதுவுமே கேட்க மாட்டேன்” என்றான்.

‘மனநோய் உண்டா? மருந்து உட்கொள்கிறீரா?’

கேட்கிறவன் முகம் வாடுமே என்று மறுக்க முடியாமல் போகிற ஜாதி அவர்கள் குடும்பம். அந்த ஊரே அப்படித்தான். இரண்டு கேள்விக்கும் சேர்த்து, முத்து முத்தான எழுத்தில் அவள் எழுதினாள்.

இல்லை.

*

மாண்டலேயிலிருந்து ஸகைங் சாதாரண நாளில் முக்கால் மணி நேரம். இன்று தெரு முழுக்கப் பந்தல், பந்தல் முழுக்க ஆட்டம், கை முழுக்கக் குழாய்.

முதல் திருப்பத்திலேயே ஐஸ் தண்ணீர் முதுகில் அறைந்தது.

“அக்கா, எங்க இவ்வளவு அவசரம்? புருஷன் ஓடிட்டானா?”

“முகத்துல இவ்வளவு சூடு ஆகாது அக்கா, இன்னொரு வாளி வாங்கிக்கோ!”

“வழி விடுங்கப்பா, ஆஸ்பத்திரி அவசரம்!” என்று கத்தினாள்.

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க!” என்று சிரித்து மூன்று குழாய்களை ஒன்றாகத் திருப்பினார்கள். இந்த நாளில் நனைத்தவர்மேல் கோபப்படுவது முறையில்லை. அவர்களும் அதை நம்பித்தான் நனைக்கிறார்கள்.

ஹெல்மெட் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை. பாலத்துக்கு முன்னால் வண்டிகள் அசையாமல் நிற்க, அழுகை வந்துவிட்டது. தம்பி சொல்லிக் கொடுத்தது அப்போது ஞாபகம் வந்தது. வர்றதை விரட்டாதே அக்கா, பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு விடு.

பயம், என்றாள் மனசுக்குள். பயம். ஈரம். குளிர். பயம்.

பயம் போகவில்லை. ஆனால் கண் எதிரே இருந்த வழியைப் பார்த்தது. கியரைப் போட்டு, ஒரு லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் இருந்த முழ இடைவெளியில் வண்டியை நுழைத்தாள்.

*

மடத்தில் சத்தமே இல்லை. பழுப்பு உடை உடுத்த பெண்கள் மர நிழலில், ஒரு அடிக்கு ஒரு நிமிஷமாக, பாதத்தைத் தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட, வண்டியிலிருந்து இறங்கி ஓடியவளை ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அலுவலக அறையில் நிர்வாகி ஊ டுன் ஷ்வே, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சட்டைப் பையில் மூன்று பேனா.

“மெதுவாம்மா. இங்க எல்லாம் மெதுவா.”

“தெட் பைங்கோட அக்கா நான். அவனை உடனே இறக்கணும்.”

அவர் எழுந்தே நின்றுவிட்டார். “யோகியோட அக்காவா! உட்காருங்க, உட்காருங்க. இளநீர் கொண்டு வரச் சொல்லட்டுமா? காலையிலிருந்து பதினாறு குடும்பம் குகை வாசல்ல வந்து கும்பிட்டுப் போயிருக்கு தெரியுமா?”

“அவனுக்கு உடம்பு சரியில்ல. மாத்திரை நிறுத்திட்டான். தலைமைத் துறவி சயாடோகிட்ட பேசணும்.”

“சயாடோ ஓய்வுல இருக்கார். ரெண்டு மணிக்கு அறிக்கை கேட்க வருவார். அப்போ...”

“ரெண்டு மணி வரைக்கும் தாங்குவானோ மாட்டானோ!”

ஊ டுன் ஷ்வே சங்கடமாகக் கையைப் பிசைந்தார். “அதிட்டானத்துல இருக்கிறவரை எழுப்பறதுன்னா... பொறுப்பு யாரும்மா ஏத்துக்கிறது? அதுவுமில்லாம, மாத்திரைன்னு என்னமோ சொல்றீங்க...” கோப்பை எடுத்துப் புரட்டினார். ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். “இங்க ‘இல்லை’ன்னு இருக்கே. கையெழுத்து எவ்வளவு அழகு. யார் எழுதினதோ.”

“நான்.”

அவர் பேனாவை மூடினார்.

“பொய்யா எழுதினேன். போன வருஷம் நீங்க திருப்பி அனுப்பினதும் இவனைத்தான். பேரை ஞாபகம் வச்சுக்க மாட்டீங்கன்னு நம்பி எழுதினேன். அவன் மனநோய்க்காரன். மூணு வருஷமா மருந்துல இருக்கான். ரயில் முன்னால போய் நின்னவன்.” வாய் விட்டுச் சொன்னபோது அவளுக்கே ஊரார் யாரோ சொல்வது போலிருந்தது. “இப்போ சயாடோவை எழுப்புவீங்களா, நான் போய்க் கதவைத் தட்டட்டுமா?”

*

சயாடோவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கனத்த உடம்பு. பக்கத்துப் பலகையில் சர்க்கரை மாத்திரை டப்பா. நிலார் தள்ளி உட்கார்ந்து மூன்று முறை விழுந்து கும்பிட்டு, நனையாமல் தப்பிய புத்தகத்தையும் பட்டைகளையும் பாயில் வைத்துப் பின்னால் நகர்ந்தாள்.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். அவசரப்படவில்லை. நிலாருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“சேர்ந்த அன்னிக்கே ‘மயக்கமா வருது, தூக்கம் தள்ளுது’ன்னு வந்து சொன்னான்,” என்றார். “தியானத்துக்குத் தூக்கம் எதிரி, அதையும் குறிச்சுக்கோன்னேன். மாத்திரையால வர்ற தூக்கம்னு எனக்குத் தெரியல. எதிரின்னு நான் சொன்னதை வச்சுக்கிட்டு மாத்திரை பக்கமே போகாம இருந்திருக்கான்.”

“மாத்திரை நின்ன பிறகு தூக்கமே இல்லாம...”

“அஞ்சாம் நாள் வெளிச்சம் வருதுன்னான். உடம்பே இல்லைன்னான். வெளிச்சத்தையும் குறிச்சுக்கிட்டு விட்டுடுன்னுதான் சொல்லணும், சொன்னேன்.” சயாடோ கண்ணாடியைக் கழற்றினார். “ஆறாம் நாள் குகை கேட்டான். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறேன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. இருபத்திரண்டு வருஷமா அறிக்கை கேட்டுக்கிட்டிருக்கேன், எல்லாம் முட்டி வலிக்குது, வீட்டு ஞாபகம் வருதுதான். இவன் சொன்னது கேட்க இனிச்சுது.”

“சாமி, தண்ணி குடிச்சே முப்பத்திரண்டு மணி நேரம் ஆச்சு.”

அவர் எழுந்துவிட்டார். “டுன் ஷ்வே, பிக்கப்பை அடிவாரத்துக்குக் கொண்டு வா. நல்ல பலசாலியா ரெண்டு ஆம்பளை யோகியைக் கூப்பிடு.” செருப்பு மாட்டும்போது தனக்குள் போலச் சொன்னார்: “நானே ரெண்டு வேளை மாத்திரை முழுங்கறவன். ஒரு தடவையாவது அவன் முன்னால முழுங்கியிருக்கலாம்.”

*

குகை என்றால் குன்றைக் குடைந்த ஒரு சிறு அறை. பாறையோடு பொருத்திய மரக்கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். வாசலில் மஞ்சள் படாவ் பூக்கொத்துகள், ஊதுவத்தி, வரிசையாக எட்டுப் பத்துத் தண்ணீர்க் குடங்கள். வந்தவர்களெல்லாம் வைத்துவிட்டுப் போனவை. எல்லாம் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தன. ஒரு சொட்டுக் குறையவில்லை.

அம்மாவுக்குப் பழக்கமான, வைர மூக்குத்தி போட்ட ஒரு அம்மாளும் அவர் வீட்டுக்காரர்களும் அங்கே மண்டியிட்டிருந்தார்கள். சயாடோவைக் கண்டதும் நகர்ந்து வழி விட்டார்கள்.

நிலார் கதவில் வாயை வைத்தாள். “தம்பி! அக்கா வந்திருக்கேன்டா!”

உள்ளேயிருந்து வறண்ட, சரசரக்கும் குரல். அவளிடம் பேசுகிற குரல் இல்லை அது.

“கேட்கிறது... கேட்கிறது...”

“தெட் பைங், கதவைத் திறடா! தண்ணி குடி!”

“கேட்கிறது... கேட்கிறது... கேட்கிறது...”

காதில் விழும் எதுவும் வெறும் சத்தம், அதைக் குறித்துவிட்டு விட்டுவிட வேண்டும் என்பது பயிற்சி. நாய் குரைத்தாலும் அப்படி. மணி அடித்தாலும் அப்படி. இன்று அந்தச் சத்தம் அவள்.

கதவை இரண்டு கையாலும் குத்தினாள். “அழறேன்டா! உன் அக்கா அழறேன்!”

“கேட்கிறது...”

“ஐயையோ, இதென்ன அநியாயம்!” என்றார் மூக்குத்தி அம்மாள். “கூடப் பிறந்தவளே வந்து இப்படித் தடுப்பாளா? சாமி, நீங்க பார்த்துட்டு நிக்கறீங்களே!” சொல்லிக்கொண்டே போனை எடுத்து யாரையோ அழைத்தபடி தள்ளிப் போனார்.

சயாடோ சுடுகிற பாறையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தினமும் இரண்டு மணிக்குக் கேட்கிற அதே தொனியில் கேட்டார்:

“யோகி. அறிக்கை.”

முணுமுணுப்பு நின்றது. குரு கேட்டால் சொல்லியாக வேண்டும்.

“உடம்பு இல்லைங்க சாமி. வயிறு எழும்பறதும் இல்ல, அடங்கறதும் இல்ல. ஒரே வெளிச்சம். இன்னிக்கு சாயங்காலம் முடிஞ்சிடும்.”

“என்ன முடியும்?”

“எல்லாம்.”

நிலார் சயாடோவின் பக்கம் திரும்பினாள்.

“தாகம் இருக்கா?”

“தாகம்னு ஒண்ணு வருது. போகுது. அது என்னோடது இல்ல.”

“சரி. நான் சொல்றேன், அதிட்டானத்தை இதோட விடு. கதவைத் திற.”

உள்ளே சிரிப்பு. சின்ன வயசில் கணக்கு சரியாக வந்ததும் சிரிப்பானே, அதே சிரிப்பு. “எதையும் பிடிச்சுக்காதேன்னு சொன்னது நீங்கதானே சாமி? உங்களையும் விட்டுட்டேன். கேட்கிறது... கேட்கிறது...”

சயாடோ தலை குனிந்தார். பின்னால் நின்ற இரண்டு பலசாலிகளில் ஒருவர் கதவை உடைக்க ஒரு கல்லைத் தூக்கினார். கதவு உள்பக்கமாகத் திறப்பது. அதை ஒட்டித்தான் அவன் உட்கார்ந்திருந்தான் என்பது குரல் வரும் இடத்திலிருந்து தெரிந்தது. சயாடோ கையை உயர்த்தித் தடுத்தார்.

நிலார் தரையில் உட்கார்ந்து நெற்றியைக் கதவில் சாய்த்தாள். இனிக் கத்தவில்லை.

“தம்பி, நான் சொல்லிட்டேன்.”

“கேட்கிறது...”

“படிவத்துல பொய் எழுதினதைச் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிப் புத்தகத்தையும் சயாடோகிட்ட கொடுத்துட்டேன்.”

“கேட்கி...”

வார்த்தை பாதியில் அறுந்தது.

“ரயிலையும் சொன்னேன். கட்டிப் போட்டு ஊசி போட்டதும் அந்தப் புத்தகத்துல இருக்கு. எல்லாத்தையும் படிச்சார்.”

நிலார் காதைக் கதவில் ஒட்டினாள்.

“யாரைக் கேட்டுச் சொன்னே?”

கோபம். அசல் கோபம். தொண்டை கிழிய ஒரு தம்பி அக்காவிடம் கேட்கிற கேள்வி. நிலார் வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பத்திரண்டு மணி நேரத்தில் அவன் அவனாகப் பேசியது இப்போதுதான்.

“யாரைக் கேட்டுடீ சொன்னே? சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே! இந்த உலகத்துல இந்த ஒரு இடத்துலதான் நான் பைத்தியக்காரனா இல்லாம இருந்தேன்! ஒன்பது நாள்! அதையும் புடுங்கிட்டியா?”

“புடுங்கிட்டேன். வெளிய வந்து என்னை அடி. வாடா.”

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது.

உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, கண் மட்டும் கண்ணாடித் துண்டாகப் பளபளக்க அவன் நின்றான். அடிக்கக் கையை ஓங்கினான். ஓங்கிய கையோடு முழங்கால் மடங்கி, நிலைப்படியில் சரிந்தான்.

சயாடோ தன் கையாலேயே ஒரு குடத்திலிருந்து மொண்டு அவன் வாயில் வைத்தார். ஒரு வாய். நிறுத்தி, இன்னொரு வாய். அவன் குடித்தான். பிறகு குவளையை இரண்டு கையாலும் பிடுங்கப் பார்த்தான். அவர் விடாமல் சிறுகச் சிறுகக் கொடுத்தார்.

பலசாலிகள் இருவரும் தோள் கொடுத்து அவனைப் படிகளில் இறக்கினார்கள். அடிவாரத்தில் பிக்கப் உறுமிக்கொண்டிருந்தது. ஊ டுன் ஷ்வே ஓட்டுநர் இருக்கையில். நிலார் பின்னால் ஏறக் காலை வைத்தாள்.

“இவ ஏறினா நான் குதிச்சிடுவேன்,” என்றான் தெட் பைங். அவளைப் பார்க்கவில்லை.

விளையாட்டுப் பேச்சு இல்லை. குதிக்கக்கூடியவன். நிலார் காலை எடுத்தாள்.

“சாமி, நீங்களாவது கூடப் போங்க.”

சயாடோவின் முகம் வெளுத்திருந்தது. குன்றின் மேல் பக்கம் பார்த்தார். “இவனைப் பார்த்துட்டு இன்னிக்குக் காலையில ரெண்டு பேர் அதே அதிட்டானம் எடுத்திருக்காங்க. மேல் குகையில. அவங்களை நான்தான் இறக்கணும். நான் சொன்னா அவங்களாவது கேப்பாங்களான்னு பார்க்கிறேன்.” பிக்கப்பின் பக்கவாட்டில் தட்டினார். “போ. ரெண்டு பேரும் அவன் கையை விடாதீங்க.”

வண்டி புழுதி கிளப்பிப் போயிற்று.

அவள் பைக்கை நோக்கி நடக்கத் தொடங்கியபோது போன் அடித்தது. அம்மா. பின்னணியில் மேளமும் கூச்சலும்.

“இறக்கிட்டியா?”

மூக்குத்தி அம்மாள் யாருக்குப் போன் போட்டார் என்பது அப்போதுதான் நிலாருக்கு உறைத்தது.

“இறக்கிட்டேன்மா. நான்தான் இறக்கினேன்.”

மேளச் சத்தம் குறைந்தது. அம்மா தள்ளிப் போயிருக்க வேண்டும்.

“தண்ணி குடிச்சானா?”

“குடிச்சான்மா. மடக் மடக்குனு.”

ஒரு விம்மல் கேட்டது. ஒரே ஒரு விம்மல். அதை அம்மா உடனே விழுங்கிக்கொண்டாள்.

“சரி. குடிச்சிட்டான். உசுருக்கு இனி பயமில்ல. இதோட விடு. நான் இப்போ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறேன். என் பிள்ளையை உள்ள படுக்க வச்சு ஊசி போட விட மாட்டேன். வண்டி வந்ததும் அப்படியே திருப்பிக் கூட்டிட்டுப் போய், விட்ட இடத்துலயே உட்கார வைப்பேன்.”

“அம்மா, டாக்டர் சொன்னதைக் கேளுங்க...”

“அவனையே கேட்போம். அவனுக்கு ஊசி வேணுமா, குகை வேணுமான்னு.”

லைன் அறுந்தது.

அவன் என்ன சொல்வான் என்பதில் சந்தேகமே இல்லை. அம்மா கேட்டால் ஊ டுன் ஷ்வேக்கு ‘முடியாது’ என்று சொல்ல வாய் வருமா? அவருக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கே உரிய அதே வாய்தான்.

நிலார் பைக்கை உதைத்தாள். தூரத்தில் பாலத்தின்மேல் வண்டிகள் எறும்பு வரிசையாக நின்றுவிட்டிருந்தன. அதற்கு அப்பால் திருவிழாத் தண்ணீர் வெயிலில் புகையாக எழும்பிக்கொண்டிருந்தது.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அம்மா நடந்தே கால் மணியில் போய்விடுவாள். நிலாருக்கு நடுவில் ஒரு ஆறு இருந்தது.